நடப்பு எம்.பி.யா, முன்னாள் எம்.பி.யா? விருப்பு வாக்கைப் பழுதாக்காமல் போடும் முறை

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் நடப்பு எம்.பி.யும் முன்னாள் எம்.பி.யும் முட்டிக்கொள்வது பாராளுமன்றத் தேர்தலின் விருப்பு வாக்கில்தான், அதுவும் சில வேளை ஒரே பட்டியலுக்குள். மாவட்டத்துக்கு 8 ஆசனம், ஒரு பட்டியலில் 11 பேர். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைக் கட்சி வாக்கு சொல்லும். அதில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு சொல்லும்.

முதலில் கட்சிச் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி (X). பிறகு கீழேயுள்ள வேட்பாளர் இலக்கக் கட்டங்களில் ஒன்று முதல் மூன்று வரை புள்ளடி. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் வாக்கே செல்லாது. இரண்டு கட்சிக்குப் போட்டாலும், பெயரோ கையெழுத்தோ வைத்தாலும் அதே கதிதான். நாலு இலக்கத்துக்குப் போட்டால் கட்சி வாக்கு பிழைக்கும், விருப்பு வாக்கு போய்விடும். ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு 5ஆம் இலக்கக்காரர் இருப்பார். நீங்கள் புள்ளடியிட்ட கட்சியின் 5க்கே அது சேரும். ஜனாதிபதித் தேர்தல் பழக்கத்தில் 1, 2, 3 என்று எழுத வேண்டாம். இங்கே மூன்று விருப்புக்கும் ஒரே பெறுமதி.

பலர் கவனிக்காத இடம் இது: ஒரே பட்டியலில் உள்ள நடப்பு எம்.பி.க்கும் முன்னாள் எம்.பி.க்கும் சேர்த்துப் போட்டால், அவர்களுக்கிடையிலான போட்டியில் உங்கள் வாக்கு ஒன்றையும் மாற்றாது. ஒருவர் மற்றவரை முந்த வேண்டுமென்றால் ஒருவருக்கு மட்டும் போடுங்கள். மூன்றையும் நிரப்பியே ஆக வேண்டும் என்றில்லை. "எல்லாருக்கும் ஒன்று போடு" என்று தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) வந்து சொல்பவருக்கு அது நன்றாகவே தெரியும்.

சீட்டு தவறிப்போய்ப் பழுதானால் பெட்டியில் போடாமல் தலைமை தாங்கும் அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டு கேட்கலாம். உள்ளே கைத்தொலைபேசி பார்க்க முடியாது. இலக்கத்தை மனதில் வைத்துப் போங்கள்.

வாக்காளர் அட்டை தோட்டக் காரியாலயத்தில் தேங்கிப்போனாலும் கவலையில்லை, அது கட்டாயமல்ல. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போல ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள ஆவணம் ஒன்றுதான் கட்டாயம். அப்படி எதுவும் இல்லாதவர்கள் முன்கூட்டியே கிராம உத்தியோகத்தர் மூலம் தற்காலிக அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் வாக்களிக்க வரச் சம்பளத்துடன் லீவைக் கடிதம் மூலம் கேட்கலாம். வேலையிடத்திலிருந்து வாக்குச்சாவடி 40 கிலோமீட்டருக்குள் என்றால் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள்.