மலைப்பாதையில் போய் வந்த பின் ஏசி கம்ப்ரசர் இரைந்தால்

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குச் சொந்தக் காரில் போய் வருகிறவர்கள் மேலே இருக்கும் வரை ஏசியைத் தொடுவதில்லை. தோட்டத்துக்குள் இரண்டு மூன்று நாள் சேற்றிலும் உருளைக்கல்லிலும் வண்டி குலுங்கிய பிறகு, கீழே இறங்கி முந்தல் வந்ததும் வெக்கை தாங்காமல் ஏசியைப் போடும்போதுதான் பானெட்டுக்கு உள்ளிருந்து கடகடவென்றோ கிறீச்சென்றோ சத்தம் கேட்கிறது. பழுது மேலேயே ஏற்பட்டிருக்கும். நம் காதுக்கு எட்டுவது மட்டுமே கீழே. அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன், ஏசியின் குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரையே மாற்றச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அதற்குச் சம்மதிக்கும் முன் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடக்கூடியவை பல இருக்கின்றன.

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். கம்ப்ரசரின் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), எஞ்சின் ஓடும் வரை பெல்ட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ஏசி பொத்தானை அழுத்தியதும் மின்காந்தக் கிளட்ச் 'டக்' என்று ஒட்டிக்கொண்ட பிறகுதான் கம்ப்ரசரின் உள் பாகங்கள் இயங்கத் தொடங்கும். ஆகவே ஏசியை அணைத்த நிலையிலும் சத்தம் தொடர்ந்தால் சந்தேகம் புல்லியின் பேரிங், பெல்ட், பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர் உருளை ஆகியவற்றின் மேல் விழ வேண்டும். ஏசி போட்டால் மட்டும் வந்து, அணைத்தால் நின்றுவிடுமானால் கிளட்ச், கம்ப்ரசரைத் தாங்கும் போல்ட்டுகள், கேஸ் அழுத்தம், கடைசியாகக் கம்ப்ரசரின் உட்புறம் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சில புதிய வண்டிகளின் கம்ப்ரசரில் கிளட்சே இருக்காது. அவற்றில் ஏசியை அணைத்தாலும் உள் பாகங்கள் சுற்றும் என்பதால் இந்தச் சோதனை முழுமையான விடை தராது.

அடுத்து எஞ்சினை அணைத்து, சூடு ஆறவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிய பிறகு கையை உள்ளே விடலாம். வண்டியின் அடித்தகடு கல்லில் உரசிக் கிழிந்திருந்தால் சேறு நேராகப் பெல்ட்டின் மேல் தெறிக்கும். பெல்ட்டின் வரிப்பள்ளங்களில் காய்ந்த செம்மண்ணோ ஒரு சிறு கல்லோ சிக்கியிருந்தால்கூடப் போதும், சுற்றுக்குச் சுற்று ஒரு தட்டும் ஓசை கேட்கும். டார்ச் அடித்துப் பார்த்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு சாதாரண குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவலாம். வாட்டர் சர்வீஸில் கொடுத்து, அழுத்தத் துப்பாக்கியைப் புல்லியின் நடுவே காட்டச் செய்வது தவறு. பேரிங்கின் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே புகுந்தால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியதாகிவிடும். கேஸின் சூட்டை வெளியேற்றும் முன்பக்கக் கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் சேறு அடைத்திருந்தால் அதையும் இப்போதே கழுவ வேண்டும். காற்று போகாத கண்டென்சரால் கேஸின் அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் முக்கி முனகும்.

இனி போல்ட்டுகள். என் அனுபவத்தில் மலைப்பாதைக்குப் பிறகு வரும் கடகட ஓசைக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். சென்ற ஆண்டு தென்மேற்குப் பருவமழை முடிந்த கையோடு தோட்டத்திலிருந்து இறங்கிய என் வண்டிக்கு, ஒரு பட்டறையில் கம்ப்ரசர் போய்விட்டது என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து கம்ப்ரசரைக் கையால் பிடித்து ஆட்டியபோது அது எஞ்சினோடு ஒட்டாமல் அசைந்தது. நான்கு போல்ட்டுகளில் அடியில் இருந்த ஒன்று, தலையைச் சுற்றித் துருப்பொடி படிய, கிட்டத்தட்ட இரண்டு சுற்று கழன்றிருந்தது. கழன்ற போல்ட்டை வெளியே எடுத்து, மரையைத் துடைத்து, மரை தேய்ந்திருந்தால் புதிது போட்டு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். 8 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் என்றாலும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. முடுக்கிய பின் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை மலையிலிருந்து இறங்கியதும் ஒரு பார்வையிலேயே அது நகர்ந்ததா என்று தெரிந்துவிடும். ஏசி பைப்புகள் கிளிப்பிலிருந்து விலகி பாடியில் உரசுகின்றனவா என்பதையும் கையோடு பாருங்கள்.

போல்ட்டுகள் சரியாக இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்ற வேண்டும். நல்ல பேரிங் ஓசையின்றி வழுக்கிச் சுற்றும். மணல் அரைப்பது போன்ற உணர்வோ பக்கவாட்டு ஆட்டமோ இருந்தால் அதை மாற்றியாக வேண்டும். கைக்கு இடம் இருந்தால் கேஸைத் திறக்காமலேயே புல்லியைக் கழற்றிப் பேரிங்கை மட்டும் மாற்றலாம். புல்லிக்கு முன்னால் இருக்கும் கிளட்ச் தகட்டையும் தனியே திருப்பிப் பாருங்கள். அது லேசான தடையோடு சீராகத் திரும்ப வேண்டும். தகட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி பல வண்டிகளில் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதற்குள் சேறு காய்ந்திருந்தால் கிளட்ச் வழுக்கி, கிறீச்சிட்டு, தீய்ந்த வாடையும் அடிக்கும். உள்ளே எண்ணெய் ஸ்பிரே அடித்துவிடாதீர்கள், பிடிமானமே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் ஏசி போட்டால் மட்டும் இரைச்சல் வந்தால், கேஸ் சரிபார்ப்பைக் அழுத்தம் பார்க்கும் கேஜும், பைப்பிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்பும் உள்ள ஏசி மெக்கானிக்கிடம் விட வேண்டும். பல கார் ஏசிகளில் உள்ள ஆர்-134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பதால், பீறிட்டால் கண்ணையும் தோலையும் உறைய வைக்கும். கம்ப்ரசருக்கு உயவு தரும் ஆயில் கேஸோடு சேர்ந்தே சுற்றி வருகிறது. எனவே கல் பட்டு எங்காவது கசிந்திருந்தால், பிசுபிசுப்பும் அதில் ஒட்டிய புழுதியும் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றினால் கம்ப்ரசர் ஆயில் குறைந்து உலர்ந்தே ஓடும். கழற்றிய ஆயிலில் வெள்ளிப்பொடி போல உலோகத்துகள் மின்னினால்தான் கம்ப்ரசரை மாற்றும் பேச்சு நியாயமானது. அப்போது கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் புதிதாகப் போட்டு, பைப்புகளைக் கழுவி, கண்டென்சரையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் அதன் நுண்குழாய்களில் தங்கிவிட்ட துகள்கள் புதிய கம்ப்ரசருக்குள் போய்ச் சேரும்.