வீல்லாக் துப்பாக்கிக் கட்டையில் கழன்ற கொம்புத் தகடுகளை ஒட்டுவது

16, 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வீல்லாக் துப்பாக்கிகளின் (சுழலும் எஃகுச் சக்கரம் கல்லில் உரசித் தீப்பொறி எழுப்பும் வகை) மரக்கட்டையில் மான்கொம்புத் தகடுகளைப் பதித்து, வேட்டைக் காட்சிகளைச் செதுக்கி, கோடுகளில் கறுப்பு நிரப்பியிருப்பார்கள். தகடு கிளம்புவதற்குப் பழைய பசையைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். பெரும்பாலும் மரம்தான் காரணம். அது குறுக்குவாட்டில் சுருங்கிவிட, இடம் போதாமல் தகடு வில்லாக வளைந்து எழும்புகிறது.

வேலைக்கு முன் குழலுக்குள் வெடிமருந்து இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். மெல்லிய மரக்குச்சியை முட்டும்வரை விட்டு, குழல்வாய்க்கு நேரே குச்சியில் அடையாளம் போட்டு, அந்த அடையாளம் குழல்வாயோடு பொருந்த அதே குச்சியை வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். நுனி பற்றுத்துளைப் (தீ உள்ளே போகும் சிறு துளை) பக்கம் வராமல் முன்னாலேயே நின்றால், உள்ளே மருந்து இருக்கலாம்; ஆயுதம் தெரிந்தவரிடம் கொடுங்கள். கருமருந்து எத்தனை காலமானாலும் பற்றும்.

தகடுகளை நகத்தால் மெல்லத் தட்டினால், விட்டுப்போன இடம் பொள்ளலாக ஒலிக்கும். ஒட்டுவதற்கு வஜ்ரம்தான் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) சரி. எடையில் 1 பங்கு காய்ந்த வஜ்ரத்துக்கு 2 பங்கு பச்சைத் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி சூட்டில் இளக்குங்கள். கொதித்தால் பிடிப்புப் போய்விடும். எபாக்சி, சூப்பர் குளூ கூடவே கூடாது. மரம் மறுபடி அசையும்போது வஜ்ரம் விட்டுக்கொடுக்கும். எபாக்சி விடாது, தகடுதான் பிளக்கும்.

அடியில் உள்ள பழைய பசையை வெதுவெதுப்பான ஈரத் தூரிகையால் இளக்கித் துடையுங்கள். ஈரம் மிஞ்சினால் கொம்பு ஊதி வளையும், கோட்டின் கறுப்பும் கரையலாம். புதுப் பசையை ஊசிக்குழலால் உள்ளே விட்டு, மேலே பாலியெஸ்டர் தாள், அதன்மேல் கார்க், அதன்மேல் மணல்மூட்டை வைத்து 24 மணிநேரம் விடுங்கள். வளைந்த தகட்டை ஒரே மூச்சில் அழுத்தினால் ‘டக்’கென்று முறியும்.

தகடு பள்ளத்துக்குள் அடங்கவில்லையா? ஓரத்தை அரத்தால் தேய்க்காதீர்கள். அரை மில்லிமீட்டர் மேலே நிற்கட்டும். தேய்த்த ஓரத்தோடு செதுக்கலும் போய்விடும், அது திரும்பாது.

காணாமல் போன துண்டுக்கு மாட்டெலும்பு போதும். சோப்புத் தண்ணீரில் மெல்ல வேகவைத்துக் கொழுப்பு நீக்கி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கவிடுங்கள். அளவை எதிர்ப்பக்கத்துத் தகட்டிலிருந்து எடுக்காமல் அந்தப் பள்ளத்திலிருந்தே தாளில் ஒற்றி எடுங்கள்; இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருங்கியிருக்காது. கனத்தையும் மெருகையும் வெளியிலேயே முடித்துவிட்டு ஒட்டுங்கள். பதித்த பிறகு தேய்த்தால் சுற்றியுள்ள பழைய மரத்தில் கீறல் விழும். நிறம் ஒத்துவர டீ டிகாக்ஷனில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிப் பாருங்கள்.