லா பாஸ் போகிறீர்களா? சிவப்பில் ஏறி மஞ்சளில் இறங்குங்கள்

பொலிவியாவின் லா பாஸ் நகரில் கேபிள் கார்தான் டவுன் பஸ் மாதிரி. 2014-ல் தொடங்கிய ‘மி டெலிஃபெரிகோ’வில் இப்போது 10 வழித்தடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்தான் பெயர். கீழே கிண்ணம் போன்ற பள்ளத்தில் லா பாஸ், மேலே சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் எல் ஆல்டோ நகரம். நடுவே உள்ள மலைச்சாலையில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும். கேபிள் கார் பத்தே நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும்.

போன வழியிலேயே திரும்பி வராதீர்கள். பழைய ரயில் நிலையத்தில் சிவப்புத் தடம் ஏறி, எல் ஆல்டோவில் வெள்ளித் தடத்துக்கு மாறுங்கள். அது மலை விளிம்பை ஒட்டியே போகும். பிறகு மஞ்சள் தடத்தில் கீழே இறங்கலாம். மேலே போகும்போது கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருக்கும் சீட்டைப் பிடியுங்கள். எதிர் சீட்டில் உட்கார்ந்தால் நகரம் முதுகுப்பக்கம் போய்விடும். கல்லறைத் தோட்டத்தின் அடுக்கு மாடங்கள்கூட காலடியில் தெரியும்.

ஸ்டேஷனில் கேபின் முழுசாக நிற்காது, மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். பையை முதுகிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். கூட்டமாக இருந்தாலும் கவலை வேண்டாம், அடுத்த கேபின் சில நொடிகளில் வந்துவிடும்.

வியாழன், ஞாயிறு என்றால் மேலே பெரிய சந்தை, பர்ஸ் பத்திரம். மழைக்காலத்தில் இடி மின்னல் வந்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். விமான நிலையமும் எல் ஆல்டோவில்தான். வந்து இறங்கியதும் மூச்சு வாங்கினால், ஊர் சுற்றுவதை மறுநாளுக்குத் தள்ளிவிட்டுக் கீழே போய் ஓய்வெடுங்கள்.