ஒரு தடவை டெங்கி வந்தவர்கள் செய்யும் தவறுகள்
எங்கள் புளோக்கின் கீழே சிவப்பு டெங்கிப் பதாகை கட்டியிருக்கிறார்கள். பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ வந்துவிட்டது என்று அர்த்தம். மின்தூக்கியில் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "எனக்கு ஏற்கெனவே வந்து போயிருச்சு தம்பி, இனி அண்டாது" என்றார். ஆய்வுக்கூடத்தில் ஆர்என்ஏவோடு, அதாவது டெங்கி மாதிரிக் கிருமிகளின் மரபுச் செய்தியைத் தாங்கும் மூலக்கூறோடு, வேலை பார்க்கும் எனக்குப் பகீரென்றது.

டெங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்துபோனால் அந்த வகை திரும்ப வருவது அபூர்வம், ஆனால் மற்ற மூன்றிடமிருந்து சில மாதங்களுக்குத்தான் பாதுகாப்பு. அப்புறம் வேறு வகை நுழைந்தால், முதல் தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கிய பழைய எதிர்ப்பொருள்கள் அதில் போய் ஒட்டிக்கொள்ளுமே தவிர அதை முடக்காது, ஒட்டிய நிலையில் அந்தக் கிருமி வெள்ளணுக்களுக்குள் இன்னும் சுலபமாகப் புகுந்து பெருகும். இரண்டாவது தடவை கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பது இதனால்தான். 35,000-க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்த 2020-இல் இங்கே சிங்கப்பூரில் ஒரு வகை மட்டும் சுற்றவில்லை.

"கொவிட் தடுப்பூசி ஒரே வருஷத்தில் வந்ததே, டெங்கிக்கு ஏன் இத்தனை இழுத்தடிப்பு?" என்று கேட்பதும் தவறான ஒப்பீடு. டெங்கி ஊசி நான்கு வகைக்கும் ஒரே சமயத்தில் சரியாக வேலை செய்ய வேண்டும். டெங்வாக்சியா என்ற டெங்கித் தடுப்பூசி 2016-இல் சிங்கப்பூரில் 12 முதல் 45 வயதுவரை உள்ளவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே, இதற்குமுன் டெங்கி வராதவர்கள் போட்டுக்கொண்டால் பின்னால் வரும் தொற்று கடுமையாகலாம் என்று அறிவித்தது. அவர்களுக்கு அந்த ஊசியே முதல் தொற்று மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குள் பிலிப்பீன்ஸில் 800,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டாகிவிட்டது. அந்தப் பெற்றோர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அவசரப்படக்கூடாது என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான்.

கொவிட்டுக்குப் போட்ட எம்ஆர்என்ஏ ஊசி (ஒருவகை ஆர்என்ஏவை வைத்துச் செய்தது) மரபணுவை மாற்றிவிடும் என்ற பயமும் வேண்டாம். அந்த ஆர்என்ஏ உயிரணுவின் கருவுக்குள்ளேயே போவதில்லை, கொஞ்ச நாளில் சிதைந்துவிடும். எங்கள் விரலில் இருக்கும் நொதி பட்டாலே ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிடும் என்று மேசையைத் துடைத்து, கையுறையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டுதான் நாங்கள் வேலை செய்கிறோம்.

சரி, காய்ச்சல் வந்துவிட்டால்? ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டலாம், தொடாதீர்கள், பாராசிட்டமால் போதும். காய்ச்சல் விட்டதும் வேலைக்குக் கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை, சூடு இறங்கும் அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எதைப் பார்த்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், நடுராத்திரி என்றாலும்.