பைன் பிசினில் கீல் காய்ச்சுவது எப்படி?

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்குக் கீல் காய்ச்ச சீக்கிரம் கைவந்துவிடும். இரண்டிலும் கரண்டி அளவைவிடப் பதம்தான் முக்கியம். இரண்டிலும் கொஞ்சம் அசந்தால் சட்டி பாழ். ஒரே வித்தியாசம், பாகு தீய்ந்தால் கசக்கும். பைன் பிசின் தீய்ந்தால் தீப்பற்றும்.

கீல் என்றதும் கீல்வாதம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் தார் போன்ற பூச்சுக்கும் தமிழில் அதுதான் பெயர். விவிலியத்தில் நோவா பேழையின் உள்ளும் புறமும் பூசியது கீல். குழந்தை மோசேயை வைத்த நாணல் பெட்டிக்குப் பிசினும் கீலும் சேர்த்துப் பூசினார்கள். அந்த ஊர்க் கீல் நிலத்தில் ஊறும் தாராக இருக்கும். நாம் காய்ச்சப்போவது மரத்துக் கீல். ஆட்டம் கண்ட கத்திப்பிடியை இறுக்கலாம், கூடையின் ஓட்டையை அடைக்கலாம், ஈர விறகைப் பற்றவைக்கலாம்.

நான் இருப்பது உத்தராகண்டின் குமாவுன் மலையில், அல்மோரா பக்கம். சுற்றிலும் சீர் பைன் மரங்கள். அவற்றின் பிசினை இங்கே லீசா என்பார்கள். நைனிதாலுக்குச் சுற்றுலா வந்தவர்கள் சாலையோர மரங்களில் பட்டையைச் சீவி, கீழே ஒரு குவளையைப் பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் லீசா எடுக்கும் முறை.

எந்தப் பிசின்?

நம் மொழியில் முருங்கைப் பிசினும் பிசின், வேப்பம் பிசினும் பிசின், பைன் பிசினும் பிசின்தான். முதல்முறை செய்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கரைந்தாலோ, ஊறி உப்பினாலோ அது கருவேலம், முருங்கை வகை. காகிதம் ஒட்டலாம், கீலுக்கு ஆகாது. பைன் பிசின் தண்ணீரில் கல் மாதிரி அப்படியே கிடக்கும். எண்ணெயிலும் சாராயத்திலும்தான் கரையும்.

பச்சைப் பைன் பிசினுக்குள் இரண்டு சரக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று, ஆவியாகிப் போகும் டர்பன்டைன் எண்ணெய். இன்னொன்று, அது போனபின் மிஞ்சும் கெட்டியான ரோசின். வயலின்காரர்கள் வில்லில் தேய்க்கும் அதே ரோசின்தான். தனியாக அதற்கு நல்ல பிடிமானம் உண்டு, ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். வளைந்து கொடுக்கக் கொஞ்சம் மெழுகோ கொழுப்போ, உடம்பு கொடுக்கக் கரித்தூள். கீல் என்பது இவ்வளவுதான்.

சுவாமிமலை ஸ்தபதிகள் சிலைக்கு மெழுகு உரு பிடிக்கத் தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் உருக்கிக் கலப்பார்கள். அங்கே மெழுகு தூக்கல், இங்கே பிசின் தூக்கல். கணக்கு ஒன்றுதான்.

சேகரிப்பது

குவளையில் இருக்கும் லீசாவைத் தொடாதீர்கள். அது காட்டிலாகாவின் சொத்து. இங்கே லீசா வியாபாரமே சட்டக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கொடைக்கானல் பைன் காட்டுக்கும் இதே பேச்சுதான், அதுவும் காட்டிலாகா நிலம். தனியார் நிலத்தில், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, காற்றில் முறிந்த கிளையின் அடியிலோ பழைய காயத்திலோ வழிந்து காய்ந்த கட்டிகளை மட்டும் எடுங்கள். பிசினுக்காகப் புதிதாகப் பட்டையை வெட்டவே வேண்டாம். பிசின்தான் மரம் தன் காயத்துக்குத் தானே போட்டுக்கொள்ளும் கட்டு. சீவிய இடத்தில் காட்டுத்தீ எளிதாகப் பற்றி ஏறும் என்பது இன்னொரு காரணம்.

மேலே வெள்ளையாகப் பூத்து, நகத்தால் கீறினால் உதிர்ந்துவிடும் கட்டிதான் நல்லது. பாதி டர்பன்டைனைக் காற்றே எடுத்துப் போயிருக்கும். தேன் மாதிரி ஒழுகுவதும் ஆகும், காய்ச்ச அதிக நேரம் பிடிக்கும். ஒரு டீ கிளாஸ் நிறையக் கட்டி இருந்தால் முதல் முயற்சிக்குப் போதும்.

பைன் மரமே இல்லாத ஊரா? ரோசின் கட்டியாகவே விலைக்குக் கிடைக்கிறது. அதில் டர்பன்டைன் ஏற்கெனவே போய்விட்டதால் மெழுகு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

உருக்குவது

இங்கே நிதானமாகப் படியுங்கள். என் முதல் முயற்சியில் டப்பாவை நேராக விறகு அடுப்பில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் குப்பென்று பற்றிக்கொண்டது. அவசரத்தில் சொம்புத் தண்ணீரைக் கையில் எடுத்துவிட்டேன், நல்லவேளை, ஊற்றவில்லை. கொதிக்கும் பிசினில் தண்ணீர் விழுந்தால் எரியும் துளிகள் நாலாபக்கமும் தெறிக்கும். பக்கத்தில் கிடந்த பழைய தோசைக்கல்லைக் கவிழ்த்து மூடினேன், அணைந்தது. டர்பன்டைன் ஆவி காற்றைவிடக் கனமானது. டப்பாவின் விளிம்பில் வழிந்து கீழே இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். அதனால் இப்போது நான் செய்வது இப்படி.

வெட்டவெளியில், முடிந்தால் மின்சார அடுப்பில், அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். அதற்குள் பிசின் போட்ட தகர டப்பாவை இறக்குங்கள். தண்ணீர் சுற்றி இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ரோசின் இளக 70, 80 டிகிரியே போதும். டப்பாவுக்குப் பொருந்தும் மூடியும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டப்பா, கிளறும் குச்சி, வடிகட்டி எதுவும் திரும்பச் சமையலறைக்குப் போகாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இங்கே பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் நடுவரை காட்டுத்தீக் காலம். அந்த நான்கு மாதமும் நான் அடுப்பைத் தொடுவதில்லை.

கட்டிகள் மெல்ல இளகித் தேன் நிறத்துக்கு வரும். பட்டைத் துணுக்கு, ஊசியிலை, எறும்பு எல்லாம் மிதக்கும். கம்பி டீ வடிகட்டியை முதலில் சுடவைத்து, பிசின் சூடாக இருக்கும்போதே இன்னொரு டப்பாவில் வடியுங்கள். ஆறவிட்டால் வடிகட்டியோடு உறைந்துவிடும். வடித்ததை மறுபடி தண்ணீர்ச் சட்டியில் வைத்து, அவ்வப்போது கிளறிவிட்டுக் காத்திருங்கள். மூக்கில் ஏறும் டர்பன்டைன் வாசனை தணியத் தணியப் பிசின் கெட்டிப்படும். காய்ந்த கட்டிக்கு அரைமணி போதும். ஒழுகும் பிசின் ஒரு மதியத்தையே தின்றுவிடும். புகை வந்தால் சூடு அதிகம், உடனே இறக்குங்கள்.

கலப்பதும் பதம் பார்ப்பதும்

விறகுக் கரியை மாவு மாதிரி இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். சாம்பல் இல்லை, கரி. உருகிய பிசின் ஐந்து கரண்டி என்றால் தேன்மெழுகு ஒன்று, கரித்தூள் ஒன்று. இதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மரத்தின் பிசினும் ஒவ்வொரு மாதிரி. மெழுகை முதலில் கரையவிட்டு, அப்புறம் கரியைத் தூவிக் கிளறுங்கள். தேன்மெழுகு இல்லையென்றால் ஆட்டுக் கொழுப்பு ஆகும். நார்ப்பிடிப்பு வேண்டுமானால் காய்ந்த மாட்டுச் சாணத்தை நன்றாகப் பொடித்துக் கரியோடு ஒரு சிட்டிகை சேர்க்கலாம். முகம் சுளிக்காதீர்கள், உள்ளே இருப்பது செரிக்காத புல் நார்தான்.

இப்போது பாகு பதம். குச்சியில் தொட்டு, குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்து, விரலால் வளைத்துப் பாருங்கள். படக்கென்று உடைந்து சில்லாகத் தெறித்தால் மெழுகு போதவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் டர்பன்டைன் இன்னும் போகவில்லை. கொஞ்சம் காய்ச்சுங்கள், அப்படியும் ஒட்டினால் கரி சேருங்கள். நகம் பதியாமல், லேசாக வளைந்து, பிறகு உடைந்தால் சரியான பதம். அவசரப்பட்டு ஒரேயடியாக மெழுகைக் கொட்டிவிடாதீர்கள், கீல் சோப்பு மாதிரி வழுக்கும். வெயில் ஊரில் மெழுகைக் குறையுங்கள், குளிர் ஊரில் கூட்டுங்கள்.

மிஞ்சியதைச் சேமிக்க ஒரு குச்சியைக் கீலில் முக்கி, தண்ணீரில் ஆற்றி, திரும்பத் திரும்ப முக்கினால் குச்சி மிட்டாய் போலத் திரளும். ஈரக் கையால் உருட்டி வைத்துக்கொண்டால் வேண்டும்போது நுனியைச் சூடு காட்டிப் பயன்படுத்தலாம்.

பயன்படுத்துவது

அரிவாள் பிடி ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிடியைக் கழற்றி, துளையில் இருக்கும் தூசியையும் பழைய எண்ணெயையும் துடைத்தெடுங்கள். பிடிக்குள் போகும் கூரான இரும்பைச் சூடாக்குங்கள். பெரும்பாலானவர்கள் விடும் தப்பு இதுதான். குளிர்ந்த இரும்பில் பட்டதும் கீல் அங்கேயே உறைந்து, மேலே ஒரு தோல் மாதிரி நிற்கும், ஒட்டாது. துளையில் பாதிவரை சூடான கீலை விட்டு, சூடான இரும்பை நேராக அழுத்துங்கள். பிதுங்கி வழிவதை ஈர விரலால் தடவிச் சமன் செய்துவிட்டு, ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். பிறகு எப்போதாவது ஆடினால் திரும்பச் சூடு காட்டிச் சரிசெய்துகொள்ளலாம். பெரும்பாலான கடைப் பசைகளில் இந்த வசதி கிடையாது.

வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் அனிஷினாபே மக்கள் பிர்ச் மரப்பட்டையை வேர்களால் தைத்துப் படகு செய்வார்கள். தையல்களை அடைப்பது ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பிசின் அல்லது பைன் பிசினோடு கொழுப்பும் கரியும் கலந்த கீல். பயணத்தில் கீல் விட்டுப்போகும் என்பதால் கையோடு எடுத்துப்போய், கரையில் ஒதுங்கிச் சூடு காட்டி மறுபடி பூசிக்கொள்வார்கள். அமெரிக்காவின் தென்மேற்கில் அப்பாச்சி மக்கள் தண்ணீர்க் கூடைக்கு உள்பக்கம் பூச ஒரு நல்ல வழி வைத்திருந்தார்கள். உருகிய பிசினை உள்ளே ஊற்றி, சுட்ட கூழாங்கற்களைப் போட்டு உருட்டுவது. கை போகாத மூலையிலும் பிசின் பரவிவிடும். கூடையில் சின்ன ஓட்டைதான் என்றால் நமக்கு இவ்வளவு பாடு வேண்டாம். வெளிப்பக்கம் ஒரு பூச்சுப் போதும்.

அடுப்புப் பக்கம் போகும் எதற்கும் இது ஆகாது. தோசைத் திருப்பியின் பிடியை இதில் ஒட்டினால் இரண்டாவது தோசையிலேயே கழன்று வரும்.

சூடான கீல் தோலில் பட்டால் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பெரிய காயமென்றால் மருத்துவரிடம் போங்கள். கையில் வெறுமனே ஒட்டிய பிசினுக்குச் சோப்பு மட்டும் பயன்படாது. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்துவிட்டு, அப்புறம் சோப்புப் போடுங்கள்.

டப்பாவின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்ட மெனக்கெட வேண்டாம். மூடி போட்டு வையுங்கள். அடுத்த முறை அதன்மேலேயே புதுப் பிசினைப் போட்டுக் காய்ச்சலாம்.