தேசிக்காயும் வெயிலும்: முகத்துக்குக் கைவைத்தியம் செய்வோர் விடும் தவறுகள்

வாயில் போடும் பொருளை முகத்தில் பூசினால் என்ன வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. நாக்கு தாங்குவதையெல்லாம் கன்னத்தின் தோல் தாங்குவதில்லை.

தேசிக்காயையே எடுத்துக்கொள்வோம். பருத் தழும்பு மங்கட்டும் என்று பாதித் தேசிக்காயை முகத்தில் தேய்த்து, கழுவியும் கழுவாமலும் நண்பகல் வெயிலில் கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதித்துப் போன உறவுக்காரப் பிள்ளை ஒருத்திக்கு அன்று எதுவும் தெரியவில்லை. இரண்டாம் நாள், சாறு வடிந்த தடத்திலேயே கன்னத்திலிருந்து தாடை வரை சிவந்து எரிந்தது. பின்னர் அது கபில நிறக் கோடாகி, மாதக்கணக்கில் மறையாமல் நின்றது. தேசிக்காயிலுள்ள ஃபியூரோகூமரின் என்னும் பொருள் தோலில் இருக்கும்போது புறஊதாக் கதிர் பட்டால் இவ்வாறு வெந்துபோகும். அப்பொருள் சாற்றைவிடக் காயின் தோலில்தான் அதிகம் என்பதால், வெட்டிய காயை அப்படியே தேய்ப்பது இன்னும் மோசம். தவிர, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) சாற்றுக்கு ஏறத்தாழ 2, முகத்தோலுக்கு ஏறத்தாழ 5. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால் அமிலத்தன்மையில் ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு.

அப்பச்சோடா இதற்கு நேர்மாறாகக் காரமாகி, தோலின் காப்புப் படையைக் குலைக்கும். பற்பசை பருவை உலர்த்துவதுபோல் தோன்றினாலும் சுற்றியுள்ள தோலைப் புண்ணாக்கும். தலைக்கு உகந்த தேங்காயெண்ணெய், பரு வரும் முகத்தில் துவாரங்களை அடைக்கக்கூடும். கற்றாழை ஓரளவு சாதுவானது; ஆனால் மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுதாக வடியவிட்டுக் கழுவாமல் பூசினால் அதுவும் கடிக்கும். சேர்மானம் எழுதப்படாத வெள்ளையாக்கும் கிறீமை இவற்றோடு குழைப்பது கைவைத்தியமே அல்ல. அத்தகைய கிறீம்களில் பாதரசமோ ஸ்டீரொயிட்டோ கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

எதையும் முகத்துக்குக் கொண்டுபோகுமுன், முழங்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் ஒரு வாரமாவது பூசிப் பார்ப்பது நல்லது. ஒரு நாள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவதும் தவறுதான், ஏனெனில் ஒவ்வாமை பல நாள் கழித்தும் வெளிப்படலாம்.

வெளிறிய படையைத் தேமல் என்று தாமே தீர்மானித்து மாதக்கணக்கில் மஞ்சள் பூசுவதுதான் எனக்கு அதிகம் அச்சம் தருவது. அத்தகைய படை தொழுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை அமைந்த மாவட்டம் இது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்நோய் பழங்கதையாகிவிடவில்லை. தொழுநோய்ப் படையில் உணர்ச்சி குறைவது வழக்கம் என்றாலும், முகத்திலுள்ள படையில் அது எளிதில் தெரியாது என்பதால், தொட்டால் தெரிகிறதே என்று ஆறுதல் கொள்ளாமல் தோல்நோய்ச் சிகிச்சைப் பிரிவில் காட்ட வேண்டும். தொழுநோயே என்றாலும், 6 முதல் 12 மாதங்கள் உட்கொள்ளும் மருந்து அரச வைத்தியசாலையில் இலவசமாகவே கிடைக்கிறது.