கன்வெர்ட்டிபிள் காரில் தானாக எழும் ரோல் பார்: எப்படி வேலை செய்கிறது, எப்படிப் பராமரிப்பது

சாதாரண கார் கவிழ்ந்தால் எடையைத் தாங்கக் கூரை இருக்கிறது. கூரையை மடித்துத் திறக்கக்கூடிய கன்வெர்ட்டிபிளில் அந்தப் பாரம் முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் இருக்கைக்குப் பின்னால் உள்ள ரோல் பார் என்ற பாதுகாப்புக் கம்பிக்கும் போகிறது. இவ்விரண்டின் உச்சிக்கும் இடையே ஒரு கயிறு கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலை அந்தக் கயிற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் கம்பி எப்போதும் நீட்டிக்கொண்டிருந்தால் பின்பக்கம் மறைக்கும், கூரையை மடிக்கவும் இடைஞ்சல். ஆகவே அதை ஒளித்து வைத்து, தேவைப்படும் கணத்தில் எழுப்புகிறார்கள். 1989இல் மெர்சிடிஸ் எஸ்எல் காரில் வந்த கம்பி 0.3 நொடியில் எழுந்தது.

பல கார்களில் கம்பி, அழுத்திவைத்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு கொக்கி அதைப் பிடித்திருக்கும். எப்போது விடுவிப்பது என்பதுதான் சிக்கலான கணக்கு. சாய்வை மட்டும் பார்த்தால் போதாது. சரிவில் மெதுவாக 30 டிகிரி சாய்ந்த கார் கவிழாமல் நிற்கும். 20 டிகிரியிலேயே வேகமாகச் சுழலத் தொடங்கிய கார் கவிழ்ந்துவிடலாம். அதனால் கைரோ சென்சார் சுழலும் வேகத்தை அளக்கிறது. வேக மாற்றத்தை உணரும் முடுக்கமானிகள் பக்கவாட்டு உதைப்பையும், சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி எடை குறைவதையும் கவனிக்கின்றன. முடிவானதும் மின்காந்தமோ சிறு வெடிமருந்துக் குப்பியோ கொக்கியை விலக்க, கம்பி பாய்ந்து எழும். பல்சக்கரம் போன்ற பற்கள் அதை மீண்டும் இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். மோதலில் பேட்டரி இணைப்பு அறுந்தாலும் கெப்பாசிட்டரில் சேமித்த மின்சாரம் போதும். வோல்வோ சி70 போன்ற கார்களில், கூரை மூடியிருந்தால் கம்பி பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டே எழும்.

இக்னிஷனைப் போட்டதும் ரோல் பாரின் எச்சரிக்கை விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு, எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். பேட்டரி மின்னழுத்தம் குறைந்தாலும் விளக்கு எரியும், எனவே முதலில் அதைப் பாருங்கள். அடுத்து ஈரம். கூரையின் வடிகால் குழாய் அடைபட்டால் தண்ணீர் பின்பக்கம் இறங்கி, மின்கம்பி கனெக்டரின் பின்களில் பச்சை நிற அரிப்பு படியும். மின்தடை மாறும், காரின் கணினியில் பிழைக்குறியீடு பதிவாகும். குழாயைச் சரிசெய்யாமல் குறியீட்டை மட்டும் அழித்தால் விளக்கு மறுபடி எரியும்.

கம்பி எழும் மூடியின் மேல் பை, கோட்டு எதுவும் வேண்டாம். காற்றுத் தடுப்பு வலையும் அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கும்போதும் வண்டியில் ஏற்றி இழுக்கும்போதும் இக்னிஷனை அணைத்துவிடுங்கள். பின்பக்கம் கைவைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். அந்த ஸ்பிரிங் கையையோ தாடையையோ உடைக்கும். கம்பிக்கு நேர் மேலே குனியவே கூடாது.

கம்பி எழுந்துவிட்டால் கூரையை இயக்காதீர்கள். துணியும் கண்ணாடியும் சிதையும். மின்காந்த வகையைக் கையேட்டின்படி திரும்ப அமுக்கிப் பூட்டலாம். வெடிமருந்துக் குப்பி ஒருமுறைக்குத்தான். கார் உண்மையிலேயே கவிழ்ந்திருந்தால் முழு அமைப்பையும் மாற்றுங்கள்.

சீட் பெல்ட் போடாதவரை இந்தக் கம்பி காப்பாற்றாது. கார் தலைகீழானால் உடல் இருக்கையை விட்டு நழுவி, தலை அந்தக் கயிற்றைத் தாண்டிவிடும்.